தெளிந்த குளத்தில் கார்ப் கரைக்கு வராது

யூரியூப்பில் நன்னீர் ஈட்டிமீன்பிடிக் காணொளிகளைப் பார்ப்பவர்களுக்குத் தெரிந்த காட்சி ஒன்று உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து நீர்த்தேக்கம், மே கடைசி, தண்ணீர் 18 பாகை செல்சியஸை எட்டியிருக்கிறது. பெரிய பெரிய கொமன் கார்ப் மீன்கள் முழங்காலளவு ஆழத்தில் புல்லுக்குள் புரண்டு முட்டையிடுகின்றன. மூச்சடக்கி இறங்குகிறவர் மூன்று நான்கு மீற்றர் தூரத்திலிருந்தே மீனைக் காண்கிறார். அங்கே வெப்பமானிதான் நாட்காட்டி. பனிக்காலம் முடிந்து தண்ணீர் சூடேறினால் மீன் கரைக்கு வரும், வருகிற வேளையில் தண்ணீரும் ஓரளவு தெளிவாக இருக்கும்.

இந்தக் கணக்கை இலங்கையின் திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளத்துக்கோ முதலிக்குளத்துக்கோ கொண்டுவந்தால் எதுவும் பொருந்தாது. நம் குளத்துத் தண்ணீர் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 26 முதல் 31 பாகைக்குள் நிற்கிறது. சூட்டை வைத்து மீன் பருவம் பார்க்க இங்கே வழியில்லை. பார்க்க வேண்டியவை நீர்மட்டமும் காற்றும். குளம் ஏறுகிறதா இறங்குகிறதா, கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று எந்தக் கரையில் மோதுகிறது என்ற இரண்டுக்கும் விடை தெரிந்தால் மீன் எங்கே நிற்கும், தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கும் என்பவற்றைக் கரையில் நின்றே பெரும்பாலும் சொல்லிவிடலாம். இன்னொன்றும் விளங்கும்: கார்ப் கரையோரம் வரும் நாட்களில் தண்ணீர் கலங்கியிருக்கும், தண்ணீர் தெளிந்த நாட்களில் கார்ப் கரையை விட்டுப் போயிருக்கும்.

ஈட்டி பற்றிய பேச்சை முதலிலேயே முடித்துவிடுவோம். இலங்கையில் ஈட்டித் துப்பாக்கி தடைசெய்யப்பட்டது. தடை இல்லாவிட்டாலும் அது நம் குளத்துக்கு உதவாது. பாய்ச்சுவதற்குக் குறைந்தது இரண்டு மூன்று மீற்றர் பக்கவாட்டில் மீன் தெரிய வேண்டும், உலர்வலயக் குளங்களிலோ மேலிருந்து பார்க்கும் தெளிவே 2 மீற்றரைத் தாண்டுவது அபூர்வம். போதாததற்கு முதலை இருக்கிறது. கலங்கல் தண்ணீரில் ஆளை முதலைக்குத் தெரிந்துவிடும், முதலையை ஆளுக்குத் தெரியாது. ஆகவே கீழே சொல்வதெல்லாம் வலைக்கும் தூண்டிலுக்கும்தான்.

நாலு மீன், நாலு குணம்

சந்தையில் எல்லாவற்றையும் கார்ப் என்றே விற்றாலும் குளத்துக்குள் அவை ஒன்றையொன்று சந்திப்பதே குறைவு. கட்லாவுக்கு வாய் மேல்நோக்கித் திறக்கும், மீசை இல்லை. மேல்தண்ணீரில் நீந்தி விலங்கு மிதவையுயிர்களை வடித்துத் தின்னும். ரோகு நடுத்தண்ணீர் மீன். மூழ்கிய மரங்களில் படிந்த பாசியைச் சுரண்டும், அதனால் பட்டமரம் நிற்கும் இடங்களை விட்டு அதிகம் நகராது. மிர்கால் அடியில் மக்கிய கழிவைத் தின்கிறது. கொமன் கார்ப்புக்கு இரண்டு சோடி மீசை, நீட்டி மடக்கக்கூடிய வாய். சேற்றை வாய் நிறைய உறிஞ்சி, புழுவை மட்டும் பிரித்துக்கொண்டு மிச்சத்தைத் துப்பிவிடும். குளத்தைக் கலக்குவதில் எருமைக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

இவற்றுக்குள் பெரிய வேறுபாடு இனப்பெருக்கத்தில் இருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வெள்ளம் புரளும் ஆற்றில் முட்டையிடப் பழகியவை. நிற்கும் தண்ணீரில் சினை முற்றும், ஆனால் முட்டை விழாது, உடம்புக்குள்ளேயே வற்றிப் போகும். பொரிப்பகங்களில் ஹோர்மோன் ஊசி போட்டுத்தான் இவற்றை முட்டையிட வைக்கிறார்கள். நம் குளத்தில் பிடிபடும் கட்லா ஒவ்வொன்றும் யாரோ கொண்டுவந்து விட்ட குஞ்சு என்று எடுத்துக்கொள்ளலாம். நக்டா என்று எல்லாரும் சொல்லும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையும் நன்னீர் மீனவர் சங்கங்களும் குஞ்சு விடாத குளத்தில் அடுத்தடுத்த ஆண்டுகளில் கட்லா கிடைக்காமல் போகிறதென்றால் மர்மம் ஒன்றுமில்லை. 1952 இல் இலங்கைக்கு வந்த திலாப்பியாவோ குளத்திலேயே பெருகுகிறது, ஆகவே வலையில் எப்போதும் அதுவே முன்னுக்கு நிற்கும்.

கொமன் கார்ப் நிற்கும் தண்ணீரிலேயே முட்டையிடும். அதற்கு வேண்டியது புதிதாக மூழ்கிய புல். முட்டை ஒட்டும் தன்மையுள்ளது, புல்லிலும் கொடியிலும் பிடித்துக்கொள்ளும். ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு இலட்சத்துக்கு மேல் முட்டை இருக்கும், நம் சூட்டில் இரண்டு நாளளவில் பொரித்துவிடும். இதற்கிடையே துருசு திறந்து தண்ணீர் அரையடி இறங்கினால் புல்லோடு முட்டையும் காய்ந்துவிடும்.

கலங்கல் எத்தனை வகை

தண்ணீர் கலங்கியிருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதாது. எதனால் கலங்கியது என்பதைப் பொறுத்து அது தெளியும் காலமும் மீனின் நடத்தையும் மாறும்.

அளக்க ஒரு தட்டுப் போதும். 20 செ.மீ. குறுக்களவுள்ள வெள்ளைப் பிளாஸ்ரிக் மூடி, பெயின்ற் வாளி மூடியை வெட்டினாலும் சரி. மேற்பக்கத்தை நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகள் இரண்டுக்குக் கறுப்புப் பூச வேண்டும். நடுவில் துளையிட்டு அடியில் அரைக்கிலோ இரும்பு நட்டோ ஈயமோ பூட்டவும். பாரம் குறைந்தால் தட்டு சாய்ந்து இறங்கும், அளவு பிழைக்கும். கயிறு இழுபடாததாக இருக்கட்டும். நைலோன் கயிறு நனைந்ததும் நீளும் என்பதால், அதுதான் கையிலிருந்தால் ஒருநாள் ஊறவைத்து இழுத்துப் பிடித்த பிறகே 10 செ.மீ.க்கு ஒரு அடையாளம் கட்டுங்கள். காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில், வள்ளத்தின் நிழல் விழும் பக்கத்தில், கறுப்புக் கண்ணாடி போடாமல் இறக்க வேண்டும். தட்டு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைப்பது அன்றைய தெளிவு. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே ஆள் அளந்தால்தான் ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிடலாம்.

அடுத்தது போத்தல் சோதனை. வெறும் கண்ணாடிப் போத்தலில் குளத்துத் தண்ணீரை நிரப்பி அசையாமல் ஒரு இரவு வைக்கவும். காலையில் அடியில் சேறு படிந்து மேலே தெளிந்திருந்தால் அது வண்டல்: காற்றோ மாடோ மீனோ கிளறியது. அப்படியே பழுப்பாக நின்றால் களி, அதாவது களிமண். ஒரு சிட்டிகை படிகாரம் போட்டுக் கலக்கினால் களி திரண்டு இறங்கும். பச்சையாக நின்று, வெளிச்சம் படும் பக்கத்தில் கூடினாலோ மேலே ஆடைபோல மிதந்தாலோ பாசி. படிகாரத்துக்கும் மாறாத தேத்தண்ணி நிறம் இலைதழை ஊறியதால் வந்தது, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஏன் இந்த வேறுபாடு என்றால், ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு அளவுள்ள வண்டல் துகள் அசையாத தண்ணீரில் ஒரு மீற்றர் இறங்க ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் எடுக்கும். அதைவிடப் பத்து மடங்கு சிறிய களித்துகளுக்குப் பத்து நாள் வேண்டும். குறுக்களவு பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகக் குறைகிறது. குளமோ பத்து நாள் அசையாமல் இருப்பதில்லை. காற்றால் கலங்கிய கரை ஒரு இரவு ஓய்ந்தால் தெளிந்துவிடுவதும், மாரி வெள்ளத்தால் கலங்கிய குளம் மாதக்கணக்கில் பழுப்பாக நிற்பதும் இதனால்தான்.

மாரியில் தொடங்கி

திருகோணமலைக்கு ஆண்டில் 1,500 முதல் 1,600 மில்லிமீற்றரளவு மழை கிடைக்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. குளத்து மீனுக்கு ஆண்டு தொடங்குவது அப்போதுதான்.

முதல் வெள்ளம் வரும்போது குளம் அடிமட்டத்தில் கிடக்கும். ஆற்று வாயில் பழுப்புத் தண்ணீர் நாக்குப்போல நீண்டு உள்ளே வரும். தட்டு 20 செ.மீ.யிலேயே மறைந்துவிடும். ஒக்சிசன் நிறைந்த அந்தப் புதுத்தண்ணீரைத் தேடி மீன் ஏறும். மூன்று மாதம் காய்ந்து கிடந்த கரைப்புல் மூழ்கத் தொடங்கியதும், முழங்காலுக்குக் கீழ்ப்பட்ட ஆழத்தில், விடியற்காலையில் கொமன் கார்ப் புரளும் சத்தம் கேட்கும். ஒரு பெரிய சினைமீனைச் சுற்றி மூன்று நாலு கடுவன்கள் நிற்கும். கையால்கூடப் பிடித்துவிடலாம் போலிருக்கும். அந்த இடத்தில் வலை போடாமல் விடுவது நல்லது, ஏனென்றால் குஞ்சு வாங்காமல் குளத்தில் பெருகும் கார்ப் இது ஒன்றுதான். இதையே யூட்டாக்காரர் தெளிந்த தண்ணீரில் பார்க்கிறார், நமக்குக் கிடைப்பது செம்மண் கரைசலும் சத்தமும்.

குளம் நிரம்பி வழியும் வாயான வான் பாயத் தொடங்கினால் கட்லாவும் ரோகுவும் ஓட்டத்தை நோக்கித் திரும்பும், பெருமளவு வானோடு கீழே போய்விடும். வானுக்குக் கீழே மீன் குவிவதைப் பார்த்து இறங்குகிறவர்கள் உண்டு. வான் அடியில் தண்ணீர் உள்ளுக்குச் சுழன்று இழுக்கும் இடம் மேலே அமைதியாகத் தெரியும், நீந்தத் தெரிந்தவரும் அதில் அகப்பட்டால் வெளியேறுவது கடினம். கட்டின் கல்லடுக்கைப் பெயர்த்து வலைக்குப் பாரம் கட்டுவதும் கூடாது. 1986 ஏப்ரல் 20 இல் அணை உடைந்து நூறு பேருக்கு மேல் பலியான கந்தளாயில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

தை கடைசியில் மழை விட்டதும் குளம் நிறைந்து நிற்கும். மாசி, பங்குனியில் களி மெல்ல இறங்கும், காற்றும் குறைவு. ஆண்டிலேயே அதிகத் தெளிவு இந்தப் பருவத்தில்தான்: நல்ல குளத்தில் தட்டு ஒரு மீற்றருக்குக் கீழேயும் தெரியும். ஆனால் மீனைக் காண முடியாது. குளம் விரிந்துவிட்டதால் மீன் பரவிவிடும். கட்லா நடுக்குளத்தில், ரோகு மூழ்கிய மரக்கூட்டத்தில், கொமன் கார்ப் பழைய ஆற்றுப் பள்ளத்தின் விளிம்பில். பகலில் வலை தண்ணீருக்குள் வேலிபோலத் தெரியும், மீன் அதைச் சுற்றிப் போகும். இந்தப் பருவத்தில் வெறும் வலையோடு திரும்பியவர் குளத்தில் மீன் இல்லை என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

சித்திரை, வைகாசியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள், மட்டம் இறங்கத் தொடங்கும், இடிமழை ஒன்றிரண்டு நாள் கலக்கிவிட்டுப் போகும்.

கச்சான் காலம்

ஆனி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் சூடாக, வரட்சியாக வீசும். குளம் நாளுக்கு நாள் சுருங்கும். அதே மீன் குறைந்த தண்ணீரில் அடைபடுவதால் வலைக்குக் கிடைக்கும் பங்கு கூடும். கவனிக்க வேண்டிய பருவமும் இதுதான்.

காற்று மோதும் கரையில் அலை அடித்து ஆழமற்ற சேற்றைக் கிளப்பும். கரையை ஒட்டிப் பத்து இருபது மீற்றர் அகலத்துக்குப் பழுப்புப் பட்டை ஒன்று உருவாகும், அதற்கு வெளியே தண்ணீர் பச்சையாக நிற்கும். இரண்டுக்கும் நடுவே கோடு போட்டதுபோல் விளிம்பு தெரியும். கிளம்பிய சேற்றோடு செம்புழுக்கள் வெளிவரும், அவற்றைத் தேடிக் கொமன் கார்ப்பும் மிர்காலும் பட்டைக்குள் நுழையும். காற்று தள்ளிச் சேர்த்த மிதவையுயிர்களுக்காகக் கட்லாவும் அதே பக்கம் வரும். அலை ஓய்ந்த மறைவுக் கரையில் வள்ளம் விடுவது சுகம் என்பதால் பலர் அங்கேயே வலை போடுகிறார்கள். மீன் எதிர்க்கரையில் இருக்கிறது.

வலையைக் கலங்கல் விளிம்புக்கு வெளியே பத்துப் பதினைந்து மீற்றர் தள்ளி, விளிம்புக்கு இணையாக விடுங்கள். உள்ளே போகும் மீனும் திரும்பும் மீனும் அதைக் கடந்தாக வேண்டும். கரைக்குக் குறுக்கே விட்டால் அலை வலையைச் சுருட்டும், பாசியும் கொடியும் அடைத்து ஒரு மணி நேரத்தில் துணிபோலாகிவிடும்.

கண்ணளவுக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பிடிக்க நினைக்கும் மீனின் செவுளுக்குப் பின்னால் சுற்றளவை எடுத்து இரண்டரையால் வகுத்தால், இழுத்துப் பிடித்த கண்ணின் நீளம் வரும். சுற்றளவு 31 செ.மீ. என்றால் 12.4 செ.மீ., அதாவது ஐந்து அங்குலக் கண். மூன்றரை அங்குலத்துக்குக் கீழே போனால் அகப்படுவது பெரும்பாலும் சிறிய திலாப்பியாவும், போன தடவை விட்ட கார்ப் குஞ்சும்தான். தங்கூசி வலை தெளிந்த தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது என்று இன்னும் சிலர் தேடுகிறார்கள். அது தடைசெய்யப்பட்டது, அறுந்து அடியில் கிடந்தால் ஆண்டுக்கணக்கில் மீனைக் கொன்றுகொண்டே இருக்கும். முறுக்கிய நூல் நைலோன் வலையே போதும்.

வலை கட்டும்போது இழுத்த நீளம் 100 மீற்றரை 50 மீற்றர் கயிற்றில் கோக்க வேண்டும். கயிறும் மிதப்பும் மிச்சம் பிடிக்க அதே வலையை 65, 70 மீற்றருக்கு விரித்துக் கட்டினால் கண் அகன்று வலை விறைத்துவிடும், பெரிய கட்லா மோதித் திரும்பிப் போகும். உயரத்தையும் பாருங்கள். ஐந்து அங்குலக் கண்ணில் 30 கண் ஆழமுள்ள வலை, பாதிக்குப் பாதி கோத்தால், தண்ணீரில் 3.3 மீற்றர் உயரம் நிற்கும். இரண்டு மீற்றர் ஆழத்தில் அதை விட்டால் அடியில் ஒரு மீற்றருக்கு மேல் சேற்றில் புரளும், பட்டமரத்தில் மாட்டும். அந்த ஆழத்துக்கு 18 கண் போதும்.

நேரத்தைத் தெளிவு முடிவு செய்யட்டும். தட்டு 40 செ.மீ.க்குள் மறைந்தால் பகலிலும் வலை வேலை செய்யும். 80 செ.மீ.யைத் தாண்டினால் பொழுது சாய்ந்த பிறகு விட்டு விடியுமுன் எடுக்க வேண்டும், அதிலும் நிலவில்லாத இரவு நல்லது. இடைப்பட்ட தெளிவில் அந்தியும் விடியலும்.

குமிழியைப் பார்த்து வலை போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கொமன் கார்ப் மேயும் இடத்தில் குமிழி சிறுசிறாகக் கூட்டமாக வரும், கூட்டம் மெல்ல நகரும். ஒரே இடத்தில் பெரிய குமிழியாக விட்டுவிட்டு வந்தால் அது அடியில் அழுகும் புல்லின் வாயு. அங்கே எதுவும் இல்லை.

ஆவணி, புரட்டாதியில் குளம் பச்சையாகும். பாசி பகலில் ஒக்சிசன் விடும், இரவில் தானும் அதை எடுத்துக்கொள்ளும். காற்று நின்ற, மேகம் மூடிய நாளுக்கு அடுத்த விடியலில் கட்லா முதலில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். 30 பாகைத் தண்ணீர் முழுமையாகக் கரைத்து வைத்திருக்கக்கூடிய ஒக்சிசனே லீற்றருக்கு ஏழரை மில்லிகிராம்தான். அது மூன்றுக்குக் கீழே இறங்கினால் பெரிய கட்லாவுக்குத் தாங்காது. கொமன் கார்ப் இன்னும் குறைவையும் சமாளிக்கும். மேலே இவ்வளவு மீன் தெரிகிறதே என்று அப்போது வலை போட்டால் ஒன்றும் விழாது. மூச்சுக்குத் தவிக்கும் மீன் ஓடாது, ஓடாத மீன் வலையில் மோதாது. வெயில் ஏறி இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

கந்தளாய்க்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. மின்னேரியா, கவுடுல்லைக் குளங்கள் வழியாக வாய்க்கால் தண்ணீர் வருவதால், மழையே இல்லாத கச்சான் நாளிலும் மட்டம் ஏறலாம். அப்படி ஏறினால் மீன் மாரி வந்ததாக நினைத்ததுபோல் நீர்வரத்துப் பக்கம் திரும்பும், விளிம்புக் கணக்கு இரண்டு மூன்று நாளுக்குச் செல்லாது. வலை ஏற்றுமுன் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் மட்டக்கோலைப் பார்ப்பது வீணல்ல.

தூண்டிலுக்குச் சுருக்கமாக: தேங்காய்ப் புண்ணாக்கு இரண்டு பங்கு, தவிடு ஒரு பங்கு, பிடித்துக்கொள்ளக் கோதுமை மா ஒரு பங்கு, வெந்நீரில் பிசைந்து நெல்லிக்காயளவு உருண்டை. கலங்கல் தண்ணீரில் மீன் மணத்தையும் மீசையையும் நம்பி வரும், அதனால் அடியில் கிடக்க விட வேண்டும். மாவு கூடினால் உருண்டை கல்லாகி மணம் விடாது, குறைந்தால் எறியும்போதே உதிரும். தெளிந்த மாசிக் குளத்தில் நூல் தடிமன் முக்கியம், கச்சான் குளத்தில் எந்த நூலும் சரி.

பிடித்த மீன் 30 பாகைத் தண்ணீரில் வலையிலேயே செத்துக் கிடந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் சதை குழைந்துவிடும். வள்ளத்திலேயே செவுளை வெட்டி இரத்தம் வடியவிட்டு, மீனும் ஐசும் சம எடையில் அடுக்க வேண்டும். கச்சான் கடைசியில் பிடித்ததில் சேற்று மணம் வீசும். பாசியோடு வரும் சில நுண்ணுயிர்கள் விடும் பொருள் கொழுப்பில் தங்குவதே காரணம். அது புளிப்பில் சிதையும். தோலையும் பக்கவாட்டுக் கருஞ்சதையையும் நீக்கி, பழப்புளிக் கரைசலில் அரைமணி நேரம் ஊறவைத்துக் கழுவினால் குழம்புக்கு ஆகும். பொரியலுக்கு என்றால் மாசி மாதத்தில் பிடித்த மீனைத்தான் வாங்குங்கள்.